ஆறாம் நிலை

எட்டு மணிக்குப் போகும் என்றது அட்டவணை.
எட்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போதே போய்விட்டது.

பி.பி. கிங் ஒரு சுரத்தைப் பிடித்து
மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.
பாதி வழியில் அவரை அப்படியே விட்டுவிட்டார்கள்.
ஸ்பீக்கர் அடங்கியது. தட்டு மட்டும்
இன்னும் நாலைந்து சுற்று,
விஷயம் தெரியாமல்.

சாட்ஸ்வொர்த், ஏழாவது யூனிட்.
மேடு பள்ளம் எல்லாம் ஒரே இருட்டு.
கீழே நெடுஞ்சாலையில் கார்கள் மட்டும்
வெளிச்சத்தைச் சொந்தமாக வைத்திருக்கின்றன.
குபாஷ்னிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
கறி ஆறிப்போய் அடுப்பின் மேல்.
மடியில் என் சிவப்பு கிடார்,
மின்சாரமில்லாத எலக்ட்ரிக் கிடார்.
பல் பிடுங்கிய பாம்பு என்பான் தயாளன்.

தயாளன் ரொட்டி வேன் ஓட்டுகிறவன், ஜாஸ் பைத்தியம்.
இருபது வருடமாக எங்களுக்குள் ஒரே சண்டை.
ராக் என்றால் இரைச்சல் அவனுக்கு.
‘உன் ஹெண்ட்ரிக்ஸிடமிருந்து கரண்டைப் பிடுங்கினால்
என்னடா மிஞ்சும்?’
அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.
பன்னி சவ்வின் குழம்பு
முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.
விரல் மிஞ்சும்.
வலக்கைக் கிடாரைத் தலைகீழாய்த் திருப்பிக்கொண்ட
இடக்கைக்காரனின் பிடிவாதம் மிஞ்சும்.
உன் வெஸ் மான்ட்கோமரி
அக்கம்பக்கம் தூங்க வேண்டுமே என்று
கட்டைவிரலால் தடவித் தடவி வாசித்தார் என்று
நீதானே சொன்னாய்.
அவர் வீட்டுச் சுவரும் மெல்லிசுதான்.
ஜாங்கோவின் இடக்கையில் நெருப்பு
இரண்டு விரலைத்தான் ஓடவிட்டது.
எனக்குப் பத்தும் இருக்கிறது.
பத்தும் சொன்ன பேச்சு கேட்காது.

இது கமகம்தானே என்று கேட்டார்
கோயில் பஜனைக்கு வரும் ஒருவர்.
இல்லை என்றேன்.
கமகத்துக்கு வீட்டுக்குத் திரும்பத் தெரியும்.
இது வாசல் வரை வந்து
கதவைத் தட்டாமல் நிற்பது.

மெழுகுவர்த்தி தேடப் போகவில்லை.
தட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்து
மெல்லத் தள்ளினேன்.
ஊசி இன்னும் பள்ளத்தில்தான் இருந்தது.
காதைக் கிட்டக் கொண்டுபோனால்,
அட,
கேட்கிறது.
ஸ்பீக்கர் இல்லாமல், வயர் இல்லாமல்
எறும்பளவு பி.பி. கிங்,
தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி.
விரல் வேகம் கூடினால் சிறுபிள்ளை,
குறைந்தால் குடிகாரர்.
சரியான வேகம் கைக்கு வர
நாற்பது சுற்றாவது ஆகியிருக்கும்.
அப்போதுதான் பட்டது,
அந்த ஒரு சுரத்துக்கு முன்னால்
எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் மனுஷன்.
முப்பது வருடம் சத்தமாக வைத்துக் கேட்டவன்
அந்தச் சும்மாவைக் கேட்டதே இல்லை.

எட்டரைக்குப் பக்கத்து வீட்டு சாக்ரன்
ஜெனரேட்டரைக் கிளப்பினான்.
போச்சு. எறும்பு செத்தது.
ஜன்னலைத் திறந்தேன், திட்டுவதற்கு.
திட்டு நாக்கில் நின்றுவிட்டது.
அது முனகுவது ஜி.
சுத்த ஜி இல்லை, கொஞ்சம் ஏறிய ஜி,
சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை மாதிரி.

இருட்டிலேயே ஆறு கம்பியையும் முறுக்கி
அதன் உயரத்துக்கு ஏற்றினேன்.
தாடையைக் கிடாரின் கொம்பில் ஊன்றிக்கொண்டால்
எலும்பு வழியாக எல்லாம் கேட்கும்,
வேறு ஒருவருக்கும் கேட்காது.
சாக்ரனின் பிரிட்ஜும் டிவியும் அடியில் பிடித்துக்கொள்ள
பன்னிரண்டு பார், பிறகு இன்னொரு பன்னிரண்டு.
மூன்றாவது சுற்றில் ஒரு சுரத்தைத் தொடாமல் விட்டேன்.
வாழ்க்கையில் நான் வாசித்ததில்
அதுதான் உருப்படி.

பத்தரைக்கு வந்தது.
தெரு முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல்.
என் விரல் விட்ட இடத்திலிருந்து
பி.பி. கிங் தொடர்ந்தார், ஆளுயரத்துக்கு.
கூடச் சேர்ந்து வாசித்துப் பார்த்தேன்.
ஒரு மயிரிழை நான் மேலே.
அவர்தான் சரி, சந்தேகமே இல்லை.
நான் சாக்ரனின் ஜெனரேட்டரோடு சேர்ந்தவன்.

கம்பியை இறக்கவில்லை.
நாளைக்கும் ஆறாம் நிலையாம்.
கறியைச் சூடாக்கப் போனேன்.